பேசாத அப்பனும் சிவப்புப் பெட்டியும்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ஸ்டியரிங்தான். அதனால் எழுத்து மேடு பள்ளமாகத்தான் ஓடும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்து குறுக்கே நிற்கும். அச்சுக்கு எடுப்பவர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

என் பெயர் செல்லப்பாண்டி. போடியில் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போவேன், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். இறங்குகிறவர்கள் "வர்றேண்ணே" என்பார்கள். நான் தலையாட்டுவேன். ஒரு நாளைக்கு என் பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிப்பட்டவனை மூன்று நாளைக்கு ஒரு டாக்டரம்மா வாடகைக்குப் பிடித்தார். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் ஒரு தோட்டத்து மருந்தகத்துக்குப் போய்வர வேண்டும். எங்களுக்கு அது பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் டீயில் பால் காணாமல் போகும். அண்ணே என்று கூப்பிட்டவன் சேட்டா என்பான். வெயில் மட்டும் நம்மோடு வராமல் போடியிலேயே தங்கிவிடும்.

டாக்டரம்மா பெயர் சுகந்தி. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பல வருடம் இருந்தவர். இப்போது அவருடைய வேலை பொம்மையை வைத்துப் பாடம் நடத்துவது. மூன்று வயசுப் பிள்ளை அளவுக்கு ஒரு ரப்பர் பொம்மை. அது மூச்சு விடும், அதற்கு நாடி துடிக்கும். டாக்டரம்மா கையிலிருக்கும் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினால் வலிப்பு வரும், இன்னொரு தட்டுத் தட்டினால் மூச்சுத் திணறும். நர்சுகள் அதை நிஜப் பிள்ளையாக நினைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். தப்பாகப் பார்த்தால் செத்துப்போகும். மறுபடி தட்டினால் எழுந்துகொள்ளும்.

முதல் நாள் காலையில் போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். டாக்டரம்மா இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை டம்ளரில் போட்டு சாம்பார் ஊற்றிப் பிசைந்து, வெளிச்சத்தில் பிடித்துக் கலரைப் பார்த்தார். பரிமாறுகிறவர் வந்து, "என்னம்மா, இட்லி சரியில்லையா?" என்றார்.

"அருமையா இருக்குண்ணே. அதான் வாந்திக்கு எடுத்துக்கிறேன்" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு அவர் எங்கள் மேசைக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை.

எங்களோடு கதிர் என்று ஒரு தம்பியும் வந்தார். மதுரைக்காரர், மேடை நாடகத்தில் நடிப்பவர். பிள்ளையின் அப்பனாக நின்று கதறுவது அவர் வேலை. ஓட்டலிலேயே ஒரு கதறல் கதறிக் காட்டினார். கல்லாவில் இருந்தவர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. மொத்தம் பதினேழு கொண்டைஊசி வளைவு. ஆறாவது வளைவில் கதிர் தம்பி பேச்சை நிறுத்தினார். எட்டாவதில் வண்டியையே நிறுத்தச் சொன்னார். அவர் சாலை ஓரத்தில் குனிந்து நிற்க, டாக்டரம்மா முதுகைத் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கலக்குனது கொஞ்சம் வெளுப்பு போலண்ணே, இன்னும் மஞ்சள் சேக்கணும்" என்றார். போடிமெட்டு வந்தபோது கதிர் தம்பிக்குக் கதறுவது இருக்கட்டும், நிற்கவே தெம்பில்லை. கீழே போகிற ஒரு ஜீப்பில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம்.

சாவடியில் ஒருவர் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். பொம்மையைப் பார்த்து அவர் பதறுவார் என்று நினைத்தேன். பதறவில்லை. "பொம்மைன்னா பில்லு இருக்கா?" என்று கேட்டார்.

வண்டி மறுபடி கிளம்பியதும் டாக்டரம்மா பின்னால் இருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார். அதுதான் இந்தப் பயணத்தின் காரணம். பிள்ளைகள் முகத்துக்கு அளவான மூச்சுப் பை, வாயில் தேங்கும் நுரையை உறிஞ்சும் குழாய், அவசர ஊசி மருந்துகள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு தர்ம ஸ்தாபனம் இனாமாகக் கொடுக்கிற பெட்டி. பூச்சி மருந்து குடித்த பிள்ளை என்று வைத்துக்கொண்டு, மருந்தகத்து ஆட்கள் பொம்மையை ஒரு தடவையாவது முழுசாகக் காப்பாற்றிக் காட்டினால்தான் பெட்டி அங்கே இருக்கும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மத்தியானம் பட்டியலில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அந்த மருந்தகத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை நான் என் ஜீப்பில் கீழே கொண்டுபோயிருக்கிறேன். இரண்டும் பிழைத்தன. ஆனால் பதினேழு வளைவும் பின்னால் பார்க்கப் பயந்துகொண்டு ஓட்டியது எனக்குத்தான் தெரியும். அந்தப் பெட்டி மேலேயே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"பொம்மைக்கு ஏன் வந்தேன்னு எல்லாரும் கேப்பாங்கண்ணே, நீங்க கேக்கலையே" என்று டாக்டரம்மாவே ஆரம்பித்தார். படித்து முடித்த புதிதில் வலிப்போடு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து இவர் முன்னால் படுக்க வைத்தார்களாம். "புத்தகம் பூராவும் மண்டையில இருந்துச்சு. கைக்குத்தான் ஒண்ணுந் தெரியலை. ஒரு வயசான நர்சு என்னைத் தள்ளிவிட்டுட்டு அவங்களே பாத்தாங்க." அந்த வாரமே கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கி, மூக்கில் கலர் குடிக்கிற ஸ்ட்ராவைச் சொருகி, சாப்பாட்டு அறையில் வைத்துப் பழகினாராம். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாங்களும் பழகினார்கள். அப்படியே பாடமாகி, வேலையாகி, இப்போது ஊர் ஊராகப் போகிறார். "எங்கம்மா மட்டும் சொந்தக்காரங்கட்ட, டாக்டருக்குப் படிக்க வச்சேன், இன்னும் சொப்பு வச்சுத்தான் வெளையாடுறான்னு சொல்லுது."

எங்கள் தொழிலிலும் முதலில் ஆள் ஏற்றாமல்தான் மலை ஏறிப் பழகுவோம் என்று சொல்ல நினைத்தேன். வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் தோட்டம் வந்துவிட்டது.

மருந்தகம் என்றால் ஒரு அறை, முன்னால் ஒரு வராந்தா. அறைக்குள் எல்சி சிஸ்டர், மருந்து கொடுக்கிற ராசப்பன். இரண்டே பேர்தான் அங்கே எல்லாம். எல்சி சிஸ்டர் கட்டப்பனைப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் பாதி வழியில் மலையாளத்துக்கு மாறிவிடுவார். ராசப்பன் கம்பத்துக்காரர், எதற்கும் அவசரப்பட மாட்டார்.

மத்தியானம் கப்பையும் மீன் கறியும். எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கு சாயங்காலம் கொறிக்கிற பண்டம். இங்கே அது சோற்றின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மீன் குழம்பு சிவப்பாக, குடம்புளி போட்டு, நாக்கைச் சுண்டி இழுத்தது. இரண்டாம் தடவை வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, தனக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டு என் தட்டில் தள்ளினார்.

பிறகுதான் இடி விழுந்தது. "கதிர் இல்லை. நீங்கதான்ணே அப்பா" என்று டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார். மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். மீந்த பூச்சி மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைத்தவர். பிள்ளை அதைக் குடித்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று பயந்து தானாகச் சொல்ல மாட்டார். கேட்கிறபடி கேட்டால் சொல்வார். கடைசி வரி: அப்பா அழுது கத்துகிறார்.

"எனக்குக் கத்த வராதும்மா" என்றேன்.

"புள்ளையக் கொண்டுபோய்க் குடுங்க, மத்தது தானா வரும்."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் வாயில் சோப்பு நுரை, சட்டையில் எங்கள் போடி இட்லி. வராந்தாவில் செருப்பைக் கழற்றினேன். எல்சி சிஸ்டர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்து வராந்தா ஓரத்தில் நின்றேன். மத்தது எதுவும் தானாக வரவில்லை.

உள்ளே பரபரப்பு. எல்சி சிஸ்டர் வலிப்பு என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்தார். ராசப்பன் ஆக்சிஜனைத் திறந்தார். நுரை வந்துகொண்டே இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டு கத்துகிற மாதிரி ஒரே ஒலி வந்தது. பொம்மை செத்துப்போயிற்று.

முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு டாக்டரம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். நீ செய்தது தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் வண்டியை இடித்துவிட்டு வந்தால் இப்படி யாரும் கேட்பதில்லை. நாம் என்ன நினைத்தோம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள், நம் அப்பா பெயரையும் சேர்த்து.

"புள்ளையோட அப்பா எங்க போனாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

ராசப்பன், "யாரு அப்பா?" என்றார். பிறகுதான் மூவரும் திரும்பி வெளியே என்னைப் பார்த்தார்கள்.

"எந்தா சேட்டா, உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் எல்சி சிஸ்டர்.

"நீங்க கூப்பிடலையே."

இரண்டாம் நாள் காலையில் புட்டும் கடலைக் கறியும். சாப்பாடு முடிந்ததும் டாக்டரம்மா என்னைக் கத்திப் பழகிவிட்டு வரச் சொன்னார். ஏலச் செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்கி, ஒருவரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஐயோ, என் புள்ள" என்று கத்தினேன். செடிக்குள்ளிருந்து காய் எடுக்கிற பெண் ஒருத்தி தலையை நீட்டி, "யாரைத் தேடுறீகண்ணே?" என்றாள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

இரண்டாவது பரீட்சையில் உள்ளேயே நின்றேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். குடையை பஸ்சில் விட்டுவிட்டு வந்தவன் சொல்கிற மாதிரி ஒரு "ஐயோ" வந்தது. ராசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. எல்சி சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொம்மையைப் பார்த்தபடியே, "மோன் என்ன தின்னான்?" என்று கேட்டார்.

"கஞ்சி."

"வேற?"

"ஒண்ணுமில்ல."

பொம்மை மறுபடியும் செத்துப்போயிற்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்சி சிஸ்டர் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தார். "கேட்டப்பவும் கள்ளம் சொல்றாரு. பின்ன நான் எப்படிக் காப்பாத்துறது? அந்தப் பெட்டி போச்சு, அவ்வளவுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே இரண்டு தடவை வெறுங்கையோடு பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பியது அவர்தான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்போ என்ன நெனச்சீங்கண்ணே?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "நான் ரெண்டு புள்ளைகளைக் கீழ கொண்டுபோயிருக்கேன்மா. ரெண்டு அப்பன்மாரும் என் பக்கத்துலதான் உக்காந்து வந்தாக. ஒருத்தரும் கத்தலை. வளைவு பூராவும் வாயைத் திறக்கலை. முந்தல்ல இறங்குனப்பறம் ஒருத்தன் கேட்டான், 'அண்ணே, பாட்டில்ல மருந்து இருந்துச்சு, ஆஸ்பத்திரில சொன்னா வேலை போயிருமா'ன்னு. சிஸ்டரு அவன்ட்டயும் என்ன தின்னான்னு கேட்டிருக்காக. கஞ்சின்னுதான் சொல்லியிருக்கான். கஞ்சி தின்னதும் நெசந்தானே."

டாக்டரம்மா என் தாளை வாங்கி, அப்பா அழுது கத்துகிறார் என்ற வரியை அடித்தார். "நான் வேலை பாத்த ஊர்ல எல்லாரும் கத்துவாக. அதையே பாத்துப் பாத்து எழுதிட்டேன். நம்ம அப்பாமாரு செருப்பைக் கழட்டிட்டு வெளிய நிப்பாகன்னு உசிலம்பட்டிக்காரிக்கே மறந்துபோச்சு."

"சரிம்மா, கத்தலை. ஆனா கேட்டாலும் சொல்ல மாட்டான்னா, பிறகு என்னன்னுதான் கேக்குறது?" என்றார் ராசப்பன்.

அன்று சாயங்காலம் கரண்டு போயிற்று. பொம்மையின் பேட்டரியை என் ஜீப் பேட்டரியிலிருந்து ஏற்றினோம். பொம்மைக்கு உயிர் வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஜீப்புக்கு இல்லை. வேலைக்குக் கூடியிருந்த ஆட்கள் வந்து தள்ளினார்கள். "டாக்டரு இருக்கும்போதே வண்டி படுத்துருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "இது புள்ளை டாக்டரு, கெழட்டு வண்டியெல்லாம் பாக்க மாட்டாக" என்றாள் இன்னொருத்தி. கங்காணி அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு வேலை பிரித்தார். காய் எடுக்க நீ, களைக்கு நீ, மருந்தடிக்க நீங்க நாலு பேரு. எல்சி சிஸ்டர் கையில் பாலில்லாத கட்டன் சாயாவோடு வராந்தாவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயா ஆறிப்போகிற வரைக்கும் குடிக்கவே இல்லை.

கடைசித் தடவை. மத்தியானத்துக்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். நான் பொம்மையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து என் இடத்தில் நின்றேன். உள்ளே எல்சி சிஸ்டர் வாயைத் துடைத்து, மூச்சுப் பையை ராசப்பன் கையில் கொடுத்து, "நிறுத்தாம அமுக்கு" என்றார். பிறகு யாரும் எதிர்பாராமல் வெளியே வந்தார். வந்து படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார வேண்டியதாயிற்று. பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"இன்னிக்கு என்ன சோலிக்குப் போனீங்க சேட்டா?"

"மருந்தடிக்க."

"மிச்சம் இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"வீட்டுக்குக் கொண்டுபோனதா?"

நான் நடிக்கிறேன் என்பது அந்த இடத்தில் எனக்கு மறந்துபோயிற்று. முந்தலில் அவன் கேட்டது என் வாயில் வந்தது. "சொன்னா வேலை போயிருமா சிஸ்டர்?"

"நான் ஒருத்தர்கிட்டயும் பறைய மாட்டேன். மோன் பிழைக்கணும். வேகம் சொல்லு."

சொன்னேன். கலர் பாட்டில், கட்டிலுக்கு அடியில், பாதி இருந்தது. எல்சி சிஸ்டர் உள்ளே ஓடினார். பொம்மையின் சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவச் சொன்னார். நுரையை உறிஞ்சி எடுத்தார். போனில் கீழே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டு, மாற்று மருந்து ஊசியைப் போட்டார், காத்திருந்தார், மறுபடி போட்டார். ராசப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக வேர்த்து வழிய, கையை நிறுத்தாமல் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொம்மையின் நெஞ்சு தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. ராசப்பன் மட்டும், "இப்ப விடலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

சிவப்புப் பெட்டியை நான்தான் தூக்கிக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். பூட்டு எங்கே என்று ராசப்பன் தேடினார். பூட்டு வேண்டாம், சீல் போதும் என்றார் டாக்டரம்மா. போடியில் இறங்கும்போது, "பாத்ததை எழுதி வைங்கண்ணே, இனிமே நான் பாடம் எடுக்கிற இடத்துல வாசிச்சுக் காட்டணும்" என்றார். எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

போன வாரம் மத்தியானம் அந்த மருந்தகத்திலிருந்து போன் வந்தது. நான் மேலேதான் இருந்தேன். வண்டியை வராந்தாவை ஒட்டி நிறுத்தினேன். அலமாரியில் பெட்டி திறந்து கிடந்தது. எல்சி சிஸ்டர் ஒரு நாலு வயசுப் பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார், மூச்சுப் பையும் உறிஞ்சு குழாயும் பக்கத்தில். அவள் அப்பன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையில் ஒரு கலர் பாட்டில், ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு.

முதல் வளைவிலேயே பிள்ளை அழ ஆரம்பித்தது. ஊசி போட்ட கையைக் காட்டிக் காட்டி, சிஸ்டரைத் திட்டித் திட்டி அழுதது. ஏழாவது வளைவில் தொண்டை கட்டியது. கொஞ்சம் தண்ணீரில் வாயை நனைத்ததும் மறுபடி ஆரம்பித்தது. என் காது இரண்டும் அடைத்துப்போயின. அந்த அப்பனுக்கு என்னைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"அண்ணே, ஏதாச்சும் பாட்டுப் போடுங்கண்ணே, நிறுத்துவா" என்றான்.

"வேணாம்ப்பா. அழுகட்டும்" என்றேன். முந்தல் வரைக்கும் அழுதாள்.

எழுதியது: ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. மலையில் மண் சரிந்து வண்டி ஏற விடாத நாள்.